குறட்டையின் ஓசையும் இடையில் நேரும் மௌனமும்

குறட்டை விட்டு உறங்குபவன் நிம்மதியாக உறங்குகிறான் என்பது இந்நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. பகலெல்லாம் ஏர் பிடித்தவனும் மூட்டை சுமந்தவனும் இரவில் பாயில் சாய்ந்த மாத்திரத்தில் எழுப்பும் ஓசையை, உழைப்புக்குக் கிடைத்த கூலியாகவே வீட்டார் எண்ணுகின்றனர். கும்பகர்ணனின் பெயரைச் சொல்லி நகைப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நகைப்புக்கு இடமான ஒன்றை மருத்துவரிடம் எடுத்துச் செல்ல எவருக்கும் தோன்றுவதில்லை; மருத்துவரும் தாமாகக் கேட்பது அரிது. இரத்த அழுத்தத்தை அளப்பதற்கும் சர்க்கரையைச் சோதிப்பதற்கும் ஊர்தோறும் முகாம்கள் நடைபெறும் இக்காலத்திலும், உறங்குபவரின் தொண்டையிலிருந்து இரவுதோறும் பல மணி நேரம் எழும் இவ்வோசை ஓர் அறிகுறியாகக் கருதப்படாமலே கழிகிறது. இந்நிலை மாறவேண்டும். அதனை மாற்றுவதற்குப் பெரிய மருத்துவமனைகளைக் காட்டிலும், வீடுதோறும் சென்று வரும் களப்பணியாளரும், ஊராரின் நம்பிக்கைக்கு உரிய ஆசிரியருமே ஏற்றவர்கள். ஆயின் குறட்டை எவ்வாறு பிறக்கிறது, எவற்றால் மாறுகிறது, அதில் எதனை உற்றுக் கேட்க வேண்டும் என்பவற்றை அவர்கள் முதலில் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

மூக்கின் உட்பகுதியை எலும்பும் குருத்தெலும்பும் தாங்கி நிற்கின்றன. குரல்வளைக்குக் கீழேயுள்ள மூச்சுக்குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் விரித்து வைத்திருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தொண்டைக்கு மட்டும் அத்தகைய தாங்கல் இல்லை. விழுங்கும்போது சுருங்கவும், பேசும்போது பலவாறு வடிவம் மாறவும் வேண்டியிருத்தலின், அது தசைகளாலான மென்குழாயாகவே அமைந்துள்ளது. விழித்திருக்கும்வரை அத்தசைகள் விறைப்புடன் இருந்து காற்றின் வழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கம் வந்ததும் தளர்கின்றன. வாயின் மேற்கூரையில் பின்புறமாக உள்ள மெல்லண்ணம், அதன் நுனியில் தொங்கும் உள்நாக்கு, நாவின் அடிப்பகுதி, தொண்டையின் பக்கச் சுவர்கள் ஆகிய யாவும் சற்றே உட்சரிந்து வழியைக் குறுக்குகின்றன.

குறுகிய வழியில் அதே அளவு காற்றுச் செல்ல வேண்டுமாயின் அது விரைந்து செல்லவேண்டும். விரைந்து செல்லும் காற்றின் பக்க அழுத்தம் குறையும் என்பது பௌதிகம் பயிற்றும் ஆசிரியர் அறிந்ததே. அழுத்தம் குறையவே மென்சுவர்கள் மேலும் நெருங்குகின்றன; நெருங்கியதும் காற்றுத் தடைப்படுகிறது; தடைப்பட்டதும் சுவர்கள் மீண்டும் விலகுகின்றன; விலகியதும் காற்றுப் பாய்கிறது. நொடிக்குப் பலமுறை நிகழும் இந்த நெருங்கலும் விலகலுமே குறட்டை ஒலி. இரண்டு காகிதத் தாள்களை விரற்கடை இடைவெளியில் தொங்கவிட்டு அவற்றினிடையே ஊதினால், தாள்கள் விலகுவதற்கு மாறாக ஒன்றையொன்று நெருங்கிப் படபடப்பதை வகுப்பறையில் எளிதிற் காட்டலாம். பூவரசிலையைச் சுருட்டிச் சிறுவர் ஊதும் பீப்பியிலும், நாகசுரத்தின் சீவாளியிலும் மெல்லிய இதழ்கள் காற்றால் அதிர்ந்தே ஒலி பிறக்கிறது. சீவாளியைக் கலைஞர் தம் உதட்டால் அடக்கி ஆளுகிறார். மெல்லண்ணத்தை உறங்குபவர் ஆள்வதில்லை. குரல் நாண்களுக்கும் குறட்டைக்கும் தொடர்பில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். இனிய குரலில் பாடுவோர் இரவில் இரம்பம் அறுப்பதுபோல் ஒலி எழுப்புவதில் வியப்பொன்றுமில்லை.

எந்த உறுப்பு அதிர்கிறது என்பதைப் பொறுத்து ஒலியின் தன்மை வேறுபடும். மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்ந்தால் தாழ்ந்த சுருதியில் உறுமல் போன்ற ஒலி எழும். அதன் அதிர்வெண் பெரும்பாலும் நொடிக்குச் சில பத்துகளில் தொடங்குகிறது. நாவின் அடிப்பகுதி பின்சரிந்து வழியை மறிக்கும்போது எழும் ஒலி அதனினும் உயர்ந்த சுருதியும் கரகரப்பும் உடையது. ஒரே தொண்டையில் பல இடங்கள் ஒருசேர அதிர்வதும் உண்டாதலின், காதால் கேட்டு மட்டுமே இடத்தை அறுதியிடுதல் இயலாது. அறுவை சிகிச்சை செய்ய எண்ணும் மருத்துவர், மருந்தினால் உறங்கச் செய்து மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தே இடத்தைத் தீர்மானிக்கின்றனர்.

மூக்கு அடைபட்டிருப்பின் காற்றை உள்ளிழுக்க நுரையீரல் கூடுதலாக முயலவேண்டும். அம்முயற்சியால் தொண்டைக்குள் அழுத்தம் மேலும் குறைந்து சுவர்கள் எளிதில் உட்சரியும். சளி பிடித்த இரவில் மட்டும் குறட்டை விடுவோர் பலர் இருப்பதன் காரணம் இதுவே. ஒவ்வாமையால் நேரும் மூக்கடைப்பும், மூக்கின் நடுச்சுவர் ஒருபுறம் வளைந்திருத்தலும், மூக்கினுள் வளரும் சதையும் இவ்வாறே செயற்படுகின்றன. மூக்கடைப்பினால் வாய் திறந்து உறங்கும்போது கீழ்த்தாடை பின்னுக்குச் சரிய, அதனோடு நாவும் பின்வாங்குகிறது. வாயும் தொண்டையும் உலர்ந்துவிடுகின்றன. புகைபிடிப்போரின் மூக்கும் தொண்டையும் எரிச்சலுற்று வீங்கியிருத்தலால் அவர்களிடையே குறட்டை மிகுதி.

படுக்கும் நிலையின் ஆற்றலை அறியாத வீடு இல்லை. மல்லாந்து படுத்தவரை ஒருக்களித்துத் திருப்பிவிட்டால் ஓசை அடங்குவதைத் தாய்மாரும் மனைவிமாரும் எந்த நூலும் கல்லாமலே கண்டறிந்துள்ளனர். மல்லாந்து கிடக்கையில் நாவையும் மெல்லண்ணத்தையும் புவியீர்ப்பு நேராகப் பின்சுவரை நோக்கி இழுக்கிறது. பக்கவாட்டில் கிடக்கையில் அவ்விழுப்பின் திசை மாறிவிடுகிறது. கழுத்தை முன்னோக்கி மடக்கும் உயரமான தலையணை வழியை இன்னும் குறுக்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை முழுவதுமாகச் சற்று உயர்த்துவது அதனினும் மேலானது. சட்டையின் முதுகுப்புறத்தில் ஒரு பையைத் தைத்து அதில் பந்தொன்றை இட்டுக்கொண்டால், உறங்குபவர் மல்லாந்தவுடன் உறுத்தித் திருப்பிவிடும். பார்வைக்கு வேடிக்கையாயினும் மருத்துவர் பரிந்துரைத்து வந்துள்ள முறையே இது.

மதுவின் விளைவு தனியே சொல்லத்தக்கது. தொண்டையைத் திறந்து வைக்கும் தசைகளை, அவற்றுள்ளும் நாவை முன்னிழுத்து நிறுத்தும் தசையை, மது தளரச் செய்கிறது. மூச்சுத் தடைப்படும்போது விழிப்பூட்டும் மூளையின் எச்சரிக்கையையும் மழுக்குகிறது. வழக்கமாகக் குறட்டை விடாதவர் குடித்த இரவில் குறட்டை விடுகிறார். வழக்கமாகக் குறட்டை விடுபவருக்கோ மூச்சே நின்று நின்று வருகிறது. சில தூக்க மாத்திரைகளும் அபினிச் சத்துள்ள வலி மருந்துகளும் இத்தகையனவே. உறக்கம் சரியில்லை என்று முறையிடும் குறட்டைக்காரர் ஒருவருக்குக் கடைக்காரர் தூக்க மாத்திரை எடுத்துக் கொடுப்பது, எரியும் வைக்கோலின்மேல் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

உடற்பருமன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் தங்குவதில்லை. கழுத்தினுள்ளும், தொண்டையின் பக்கச் சுவர்களிலும், நாவினுள்ளேயும் கொழுப்புச் சேர்கிறது. வயிற்றில் சேர்ந்த கொழுப்போ படுத்தவுடன் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளி நுரையீரலின் கொள்ளளவைக் குறைக்கிறது. ஆகையால்தான் மருத்துவர் கழுத்தின் சுற்றளவையும் அளக்கின்றனர்; ஆண்களுக்கு 43 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 41 சென்டிமீட்டரும் எச்சரிக்கை அளவுகளாகக் கொள்ளப்படுகின்றன. இந்தியருக்கு ஒரு தனிக் கவலையும் உண்டு. ஐரோப்பியரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே இந்நாட்டாரின் வயிற்றில் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது. அதனால் உயரத்தின் மீட்டர் வர்க்கத்தால் எடையை வகுத்து வரும் ஈவு 25ஐ எட்டும்போதே இந்தியருக்கு அது பருமன் என 2009ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவரின் வழிகாட்டுதல் வகுத்தது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 68 கிலோகிராம் எடையை எட்டினால் போதும். அவரை ஊரில் எவரும் பருமனானவர் என்று சொல்லமாட்டார்கள். மேலும், ஒல்லியானவர் குறட்டை விடமாட்டார் என்று எண்ணுதலும் பிழை. கீழ்த்தாடை சிறுத்தோ பின்வாங்கியோ இருந்தால் நாவுக்கு முன்னே இடமின்றிப் போகும். அத்தகையோர் எவ்வளவு மெலிந்திருப்பினும் உரத்த குறட்டை விடக் கூடும். தைராய்டுச் சுரப்புக் குறைந்தவர்களின் நாவும் தொண்டைத் திசுக்களும் தடித்துவிடுதலால் அவர்களிடமும் இது காணப்படுகிறது.

வயது ஏற ஏறத் தசைகளின் விறைப்புக் குறைகிறது. ஆண்களிடம் குறட்டை மிகுதி. மாதவிலக்கு நின்ற பின்னர் பெண்களிடமும் அது பெருகி வேற்றுமை குறைகிறது.

ஓசையின் அளவைப் பற்றிப் பேசும்போது கேட்பவர் இருக்கும் இடத்தையும் கருதவேண்டும். தூரம் இருமடங்கானால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபெல் குறையும். சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டுத் தளமும் உள்ள சிறிய அறையிலோ ஒலி எதிரொலித்துப் பெருகித் தோன்றும். கூரை வீட்டுத் திண்ணையில் ஒருவர் விட்ட குறட்டை, நகரத்து அறையில் குடிபுகுந்தபின் மோசமாகிவிட்டதாகச் சொல்லப்படுவது சில சமயம் சுவரின் குற்றமேயாகும். சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபெல் எனலாம். 1993ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவமனை ஒன்றில் ஒருவரது குறட்டை 93 டெசிபெல்லை எட்டியதாகப் பதிவாகியுள்ளது; அருகில் லாரி செல்லும் இரைச்சலுக்கு அது குறைந்ததன்று.

இத்தனையும் ஓசையைப் பற்றியது. ஆனால் ஊழியர் உற்றுக் கேட்க வேண்டியது ஓசையை மட்டுமன்று.

தொண்டையின் சுவர்கள் நெருங்குவதோடு நில்லாமல் முற்றிலும் ஒட்டிக்கொண்டால் குறட்டை திடீரென நின்றுவிடும். மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். காற்று மட்டும் உட்செல்லாது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டே வரும். பத்து நொடிக்கு மேற்பட்ட இத்தகைய நிறுத்தத்தையே மருத்துவர் உறக்க மூச்சுத்தடை என்கின்றனர்; அது அரை நிமிடமும், ஒரு நிமிடமுங்கூட நீளலாம். இறுதியில் மூளை பதறி எழுந்து தசைகளை முடுக்க, பெருமூச்சும் செருமலும் கலந்த ஓர் உரத்த ஒலியுடன் காற்றுப் பாய்கிறது. குறட்டை மறுபடி தொடங்குகிறது. உறங்குபவர் இதை அறியார். ஒரு மணி நேரத்தில் நிகழும் முழுத் தடைகளையும் பகுதித் தடைகளையும் கூட்டி 5க்கு மேற்பட்டால் நோயின் தொடக்கம் என்றும், 15க்கு மேற்பட்டால் நடுத்தரம் என்றும், 30ஐ எட்டினால் கடுமை என்றும் வகுத்துள்ளனர். கடுமையான நிலையில் உள்ளவர் இரவில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது மூச்சுத் திணறுகிறார் என்பது இதன் பொருள். இத்தகையோரை நிம்மதியாக உறங்குபவர் என்று வீட்டார் பாராட்டிக்கொண்டிருக்கின்றனர்.

ஒவ்வொரு தடையின் முடிவிலும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் பகலிலும் இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கும். மூன்று மருந்துகள் கொடுத்தும் அழுத்தம் அடங்காத நோயாளிகளிடம் இம்மூச்சுத்தடை மிகுதியாகக் காணப்படுகிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுதல், பக்கவாதம் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. காலைத் தலைவலி, வாய் உலர்தல், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், பகலில் அமர்ந்த இடத்திலேயே கண் அயர்தல் ஆகியவை வெளித்தோன்றும் குறிகள். கடைசியாகச் சொன்ன குறி பேருந்து ஓட்டுநருக்கும் லாரி ஓட்டுநருக்கும், அவர்களை நம்பிப் பயணம் செய்வோருக்கும் உயிர்ப் பிரச்சினை.

மருத்துவ உலகமே இதனைப் பிந்தித்தான் உணர்ந்தது. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1836-37ஆம் ஆண்டுகளில் எழுதிய பிக்விக் நாவலில், நின்றபடியே உறங்கிக் குறட்டை விடும் பருத்த சிறுவன் ஒருவன் நகைச்சுவைப் பாத்திரமாக வருகிறான். 1956ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர், மிகு பருமனும் பகலுறக்கமும் கொண்ட ஒரு நோய்க்கு அந்நாவலின் பெயரையே சூட்டினர். உறக்கத்தின்போது தொண்டை அடைபட்டு மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதைக் கருவிகளால் பதிவு செய்து பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் 1965இல் தனித்தனியே வெளியிட்டனர். அதன் பின்னரும் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே கைகண்ட சிகிச்சையாக இருந்தது. 1981இல் சிட்னி நகரில் சல்லிவன் என்னும் மருத்துவர், மூக்கின்மேல் பொருத்திய மூடியின் வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தி, அக்காற்றின் அழுத்தத்தையே தொண்டைக்கு முட்டுக்கொடுக்கும் தூணாக்கினார். இன்றளவும் கடுமையான நோய்க்கு முதன்மையான சிகிச்சை அதுவே.

இந்தியாவில் இது செல்வரின் நோயாக எண்ணப்பட்டது. மும்பையில் நடுத்தர வயது ஆண்களிடையே நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வழக்கமாகக் குறட்டை விடுவோர் நூற்றுக்கு 26 பேர் எனவும், பகலுறக்கத்துடன் கூடிய மூச்சுத்தடை நோய் உடையோர் நூற்றுக்கு 7.5 பேர் எனவும் தெரியவந்தது. இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு, அதாவது 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு, இம்மூச்சுத்தடை உண்டு. ஆண்களில் 13 விழுக்காடு, பெண்களில் 5 விழுக்காடு. மும்பைக் கணக்கிலிருந்து மற்றொன்றும் தெளிவாகிறது. குறட்டை விடுவோரில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். குறட்டை விடுவோர் அனைவரையும் அச்சுறுத்தி மருத்துவமனைக்கு விரட்டுவது தேவையுமன்று, இயலுவதுமன்று. இடையில் மௌனம் உண்டா என்னும் கேள்வியே உமியையும் மணியையும் பிரிக்கும் முறம்.

இக்கேள்வியை நோயாளியிடம் கேட்பதில் பயனில்லை. தம் குறட்டையைத் தாமே கேட்டவர் எவரும் இலர். கேட்டால் சினந்து மறுப்பவரே மிகுதி. அருகில் படுப்பவரிடம் கேட்கவேண்டும். கனடா நாட்டு டொராண்டோவில் 2008இல் வகுக்கப்பட்ட ஒரு வினாத்தொகுதி உலகெங்கும் வழங்குகிறது. குறட்டை உரத்ததா, பகலில் களைப்பும் உறக்கமும் உண்டா, உறக்கத்தில் மூச்சு நின்றதை எவரேனும் கண்டதுண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்பன அதன் முதல் நான்கு வினாக்கள்; இரண்டுக்கேனும் ஆம் என்று விடை வந்தால் சோதனை தேவை எனக் கொள்ளப்படும். உரத்த குறட்டை என்பதற்கு அங்கே கொண்ட அளவு, மூடிய கதவுக்கு அப்பாலும் கேட்பது. குடும்பம் முழுவதும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் இடங்களில் இவ்வளவுகோல் பொருளற்றது. பேச்சொலியைவிட உரத்ததா என்று கேட்டாலே போதும். அத்தகைய வீட்டில் ஒரு வசதியும் உண்டு. சாட்சிகள் ஒருவரல்லர், நால்வர் ஐவர் இருப்பர்.

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின்கீழ், 30 வயதுக்கு மேற்பட்டோரின் இடுப்பளவு, புகையிலை, மது, உடலுழைப்பு முதலியவற்றை வீடுதோறும் கேட்டுப் படிவத்தில் குறிக்கும் வேலையை ஆஷா ஊழியர் செய்து வருகின்றனர். அவ்வேளையில் வீட்டாரிடம் இவ்வொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. பட்டணத்தில் மட்டும் கிடைக்கும் சோதனைக்கும், பல ஆயிரம் ரூபாய் பெறும் கருவிக்கும் வழியில்லாத ஊரில் கேட்டுத்தான் பயன் என்ன என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. மறுப்பு பொருளற்றதன்று, ஆனால் முழுமையானதன்று. கேள்விக்கு ஆம் என்று விடை வந்த வீட்டில் அன்றே செய்யத்தக்கவை பல. இரத்த அழுத்தத்தை அளந்து, உயர்ந்திருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். இரவு மதுவை நிறுத்தச் சொல்லலாம். ஒருக்களித்துப் படுக்கச் செய்யலாம். மூக்கடைப்புக்கு மருந்து பெறச் செய்யலாம். உண்ணும் தூக்க மாத்திரையை மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூச்சுத்தடைகள் கணிசமாகக் குறைகின்றன. ஓட்டுநராயின், சோதனை முடியும்வரை இரவு வண்டியைத் தவிர்க்கும்படி முதலாளியிடம் ஆசிரியரே ஒரு சொல் சொல்லலாம். இவற்றுள் எதற்கும் கருவி வேண்டியதில்லை. கருவி வேண்டுவோரின் பெயர்ப்பட்டியல் மாவட்டந்தோறும் எழுத்தில் இருந்தாலன்றி, மாவட்ட மருத்துவமனைக்கு அக்கருவி வருவதும் இல்லை. வீட்டிலேயே இரவு முழுவதும் மூச்சையும் பிராணவாயு அளவையும் பதிவு செய்யும் சிறு கருவிகள் இப்போது வந்துள்ளமையால், அக்கோரிக்கை நிறைவேற்ற முடியாத ஒன்றன்று.

பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆணின் குறட்டை வீட்டின் வேடிக்கை. பெண்ணின் குறட்டை வீட்டின் வெட்கம். மகளின் குறட்டையைத் திருமணப் பேச்சின்போது தாய் மறைக்கிறாள். மனைவியின் மூச்சு நிற்பதைக் கவனிக்க வேண்டிய கணவன் அயர்ந்து உறங்குகிறான். கைம்பெண்ணுக்குச் சாட்சியே இல்லை. பெண்கள் மருத்துவரிடம் செல்லும்போதும் குறட்டையைச் சொல்வதில்லை. களைப்பு, தலைவலி, உறக்கமின்மை என்றே சொல்கின்றனர். சோகையென்றும் மனச்சோர்வென்றும் கருதி அவற்றுக்கே மருந்து தரப்படுகிறது. கருவுற்ற பெண்களிடம் பேறுகாலம் நெருங்குகையில் குறட்டை புதிதாகத் தோன்றுவது உண்டு. அத்தகையோரிடம் கருக்கால இரத்த அழுத்த நோய் கூடுதலாகக் காணப்படுவதால், கிராம செவிலியர் அவர்களின் அழுத்தத்தைத் தவறாமல் அளந்து வருதல் வேண்டும்.

சந்தையில் விற்கும் பரிகாரங்களைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். மூக்கின்மேல் ஒட்டும் பட்டை நாசித்துளையை விரிக்கும். தடை தொண்டையில் இருப்பவருக்கு அதனால் பயனில்லை. ஒரே வாரத்தில் குறட்டையை ஒழிப்பதாக விளம்பரம் செய்யும் எண்ணெய்களும் சூரணங்களும் பணத்தை ஒழிக்கின்றன. தொண்டைத் தசைகளுக்குப் பயிற்சி தருவதோ ஓரளவு பயன் தருவதாகத் தெரிகிறது. பிரேசில் நாட்டில் நாவையும் அண்ணத்தையும் இயக்கும் பயிற்சிகளையும், சுவிட்சர்லாந்தில் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட குழலை ஊதுவதையும் சோதித்து நற்பயன் கண்டனர். ஜெய்ப்பூரில் 30 நோயாளிகளைக் கொண்டு ஆறு மாதம் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், சங்கு ஊதியவர்களின் பகலுறக்கமும் மூச்சுத்தடையும் குறைந்தன. முப்பது பேரைக் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது; கடுமையான நோயுள்ளவர் சங்கை நம்பிக் கருவியைக் கைவிடவும் ஆகாது. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் மறந்து எழுதுவதால் இதை இங்கே சொல்ல நேர்கிறது.

சோதனைக்கு அனுப்பும் முன் வீட்டார் செய்யத்தக்கது எளிது. விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் கனவுறக்கம் மிகுதி. அப்போது தசைகள் முற்றிலும் தளர்வதால் மூச்சுத்தடைகள் நீண்டும் அடுத்தடுத்தும் வரும். அவ்வேளையில் அரை மணி விழித்திருந்து, ஓசை நின்ற பின் எத்தனை எண்ணும்வரை மூச்சு வரவில்லை, எந்த நிலையில் படுத்திருந்தார், மார்பு அசைந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுதல் இன்னும் நன்று. அப்பதிவை நோயாளியே கேட்டால் மறுப்பும் சினமும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

குறட்டைபோலத் தோன்றிக் குறட்டையல்லாத ஒன்றையும் ஊழியர் அறிந்திருக்க வேண்டும். முன்பு குறட்டை விடாதவர் பகலில், அல்லது வழக்கமற்ற வேளையில், கரகரவென மூச்சுவிட்டுக் கிடப்பதைக் கண்டு, களைப்பில் உறங்குகிறார் என வீட்டார் விட்டுவிடுவது உண்டு. பக்கவாதம், பூச்சிமருந்து நஞ்சு, மிகையான போதை, தரையில் படுத்தோரை இரவில் வலி தெரியாமல் தீண்டும் கட்டுவிரியனின் விடம் ஆகியவற்றால் தொண்டை தளர்ந்தாலும் இதே ஓசை எழும். இதயம் நின்றுபோன சில நிமிடங்களிலும் குறட்டையை ஒத்த திணறல் மூச்சு விட்டுவிட்டு வரும். உறக்கமாயின் தோளைப் பற்றி உலுக்கி உரக்கப் பெயர் சொன்னால் கண் திறப்பார். அவ்வாறு எழாதவரின் மூச்சு சீராக இருப்பின் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 அல்லது 112 என்னும் எண்ணுக்குச் சொல்லி வண்டி வரவழைக்கவேண்டும். மூச்சு நெடிய இடைவெளிகளில் திணறலாக மட்டும் வருமாயின், வண்டிக்குச் சொல்லியனுப்பிய கையோடு மல்லாத்திக் கிடத்தி, வண்டி வரும்வரை மார்பின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.